டேட்டாபேஸில் சரி, ஸ்கிரீனில் தப்பு: உங்கள் தமிழ்ப் பெயர் எங்கே உடைகிறது?

ஆன்லைன் விண்ணப்பத்தில் பெயரைத் தமிழில் சரியாகத்தான் டைப் செய்திருப்பீர்கள். ‘சப்மிட்’ கொடுத்ததும் வரும் ரசீதில் அது வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்கும். இல்லையென்றால் ‘செல்வி’ என்ற பெயர் ‘செல்வ’ என்று முடிந்திருக்கும். நான்கு வரியில் கொடுத்த முகவரி ஒரே வரியாக ஓடும். பிறந்த தேதி ஒரு நாள் முன்னால் போயிருக்கும்.

கவுன்ட்டரில் கேட்டால் வழக்கமான பதில் ரெடி: “சிஸ்டத்துல அப்படித்தாம்மா வரும்.”

சிஸ்டத்தில் தானாக எதுவும் அப்படி வருவதில்லை. டேட்டாபேஸில் இருக்கும் எழுத்து உங்கள் ஸ்கிரீனுக்கு வரும் வழியில் பல கைகள் மாறுகிறது. அதில் ஏதோ ஒரு கை அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறது, அல்லது தேவையில்லாமல் திருத்துகிறது. எங்கே தப்பு நடந்தது என்பதைப் பிழையின் தோற்றத்தை வைத்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

பெட்டியா, கிறுக்கலா, கேள்விக்குறியா?

தமிழ் உடைந்து தெரிவதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் காரணம் வேறு, ஆபத்தின் அளவும் வேறு.

முதல் வகை, காலிப் பெட்டிகள். எழுத்துக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தால், அந்தக் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை என்று பொருள். டேட்டா பத்திரமாக இருக்கிறது. வேறு போனில் திறந்தால் சரியாகத் தெரியும். கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது, கிறுக்கல். ஆங்கில எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக்குறி, மறுபடியும் அதே ஜோடி என்று நீளமாக ஓடும். இது ஏன் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது? இணையத்தில் இன்று பரவலாக இருக்கும் ‘யூடிஎஃப்-8’ முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதுமே 224. இரண்டாவது 174 அல்லது 175. பழைய ஐரோப்பிய எழுத்து முறையில் 224 என்றால் கோடு போட்ட ‘ஏ’. 174 என்றால் வட்டத்துக்குள் ‘ஆர்’. தமிழாகச் சேமித்ததை யாரோ ஐரோப்பிய மொழியாக நினைத்துப் படிக்கிறார்கள், அவ்வளவுதான். படிக்கும் முறையை மாற்றினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் மோசம்: வரிசையான சாதாரணக் கேள்விக்குறிகள். தமிழுக்கு இடமே இல்லாத ஒரு முறைக்கு எழுத்தை மாற்றும்போது, “இது என்னன்னு தெரியல” என்று கம்ப்யூட்டர் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி வைத்துவிடுகிறது. அந்த நிலையிலேயே சேமித்தும்விட்டால், பழைய எழுத்து போனது போனதுதான். கேள்விக்குறியிலிருந்து பெயரை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

பழைய தளங்களில் இது அதிகம் நடக்கக் காரணம் உண்டு. உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் ‘மைஎஸ்க்யூஎல்’ டேட்டாபேஸ் 5.7 பதிப்பு வரை, வேறு எதுவும் சொல்லாவிட்டால் ‘லத்தீன்-1’ என்ற மேற்கு ஐரோப்பிய முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் முழு யூனிகோட் முறை இயல்பான தேர்வானது. அதற்கு முன்னால் அமைத்த டேபிள்கள் பல இடங்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதில் இன்னொரு கூத்து. அதே மைஎஸ்க்யூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் இருந்த முறை, ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் அனுமதித்தது. தமிழ் அதற்குள் அடங்கிவிடும். எமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். அதனால் தமிழில் எழுதிய கருத்து ஒழுங்காகச் சேரும். கடைசியில் ஒரு சிரிப்பு எமோஜி போட்டால் கோளாறு வரும். இதற்குத் தீர்வாக 2010-ல் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்ற தனி முறையைச் சேர்த்தார்கள்.

ஒரு பெயர், மூன்று கணக்கு

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிக்கூடக் கணக்கில் மூன்று: த, மி, ழ். யூனிகோட் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைட் கணக்கில் 15. மூன்றுமே சரி. எந்த இடத்தில் எந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் வம்பு.

1991-ல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கு ஒதுக்கிய பகுதியில் 128 இடங்கள். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடையாது. மெய்க்கு அடிப்படையான எழுத்து தனியாக, உயிர்க்குறி தனியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து ‘மி’ என்று வரைவது ஸ்கிரீனில் காட்டும் மென்பொருளின் வேலை.

இப்போது ஒரு புரோகிராமர் பெயரை ஐந்து ‘எழுத்தோடு’ வெட்டிக் காட்டச் சொல்கிறார் என்று வையுங்கள். ‘செல்வி’யில் யூனிகோட் கணக்கில் ஆறு குறியீடுகள். ஆறாவதாக இருப்பது கடைசி இகரக் குறி. ஐந்தோடு வெட்டினால் ‘செல்வ’ என்று நிற்கும். ஆங்கிலத்தில் பெயரை வெட்டினால் பாதிப் பெயர் என்று பார்த்தவுடன் தெரியும். தமிழில் வெட்டினால் வேறு ஆளின் பெயர் மாதிரி ஆகிவிடுகிறது.

பைட் கணக்கு இன்னும் இறுக்கம். ஆரக்கிள் டேட்டாபேஸில் ஒரு பெயர்க் கட்டத்துக்கு ‘30’ என்று அளவு வைத்தால், இயல்பாக அது 30 பைட். ஆங்கிலத்தில் 30 எழுத்து; தமிழிலோ பத்துக் குறியீடு மட்டும். ‘ராஜராஜேஸ்வரி’க்கு 12 குறியீடு, அதாவது 36 பைட் வேண்டும். இடம் பத்தாது. டேட்டாபேஸ் ஏற்க மறுக்கும். அல்லது அதற்கு முன்னால் இருக்கும் புரோகிராம் சத்தமில்லாமல் வெட்டி, ‘ராஜராஜேஸ்வ’ என்று அனுப்பிவிடும். சத்தமில்லாமல் வெட்டுவதுதான் ஆபத்து. அடுத்த வருடம் வேறொரு சான்றிதழோடு ஒப்பிடும்போதுதான் “பேர் பொருந்தலையே” என்ற பேச்சு வரும்.

காட்டும் இடத்தில் இடம் குறைவு என்றால் சேமித்ததை வெட்டத் தேவையில்லை. முழுப் பெயரையும் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, அகலம் பத்தாவிட்டால் மூன்று புள்ளி வைத்து மறைக்கும்படி பிரவுசரிடம் சொல்லலாம். ‘டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ’ என்ற ஸ்டைல் இதற்கு உதவும். புரோகிராமிலேயே வெட்டியாக வேண்டும் என்றால், மனிதர் பார்க்கும் எழுத்துக் கணக்கில் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்ட்ல் செக்மென்டர்’ இருக்கிறது.

எழுத்தை வரையும் வேலையும் லேசுப்பட்டதல்ல. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்த மெசேஜைத் திறந்தால் ஐபோனில் ஆப்கள் முடங்கின. எழுத்தில் தப்பில்லை, அதை வரைந்து காட்டும் மென்பொருள்தான் தடுமாறியது. அதே மாதம் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பை வெளியிட்டு ஆப்பிள் அதைச் சரிசெய்தது.

கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு

“லிஸ்ட்ல என் பேர் இருக்கு, தேடினா மட்டும் வரலையே?” என்பது இன்னொரு புகார். இதற்கும் காரணம் எழுத்துதான்.

‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் நிற்கும் கொம்பு, பின்னால் நிற்கும் கால் என இரண்டு குறியீடுகளாகச் சேர்க்கலாம். ஸ்கிரீனில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல். இதற்கு ‘நார்மலைசேஷன்’ என்ற வழி உண்டு. உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தேடல் ஒழுங்காக வேலை செய்யும்.

‘ஸ்ரீ’ விஷயம் அதைவிடச் சிக்கல். ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல ஃபான்ட்களில் இரண்டும் ஒரே உருவம். நார்மலைசேஷன் இந்த இரண்டையும் ஒன்றாக்காது. ஆகவே ஒரு கீபோர்டில் டைப் செய்த ஸ்ரீதரை, இன்னொரு கீபோர்டில் தேடினால் கிடைக்காமல் போகலாம். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமும் போட்டு ‘ஒளவையார்’ என்று டைப் செய்வதும் இதே ரகம். தேடல் வசதி அமைப்பவர்கள் இந்த ஜோடிகளைத் தனியாக எழுதிவைத்துக் கையாள வேண்டும்.

நாலு வரி முகவரி ஒரே வரியானது ஏன்?

கதவு எண், தெரு, ஊர், பின்கோடு என்று ஒவ்வொன்றுக்கும் ‘என்டர்’ தட்டி எழுதிய முகவரி, பக்கத்தில் ஒரே வரியாகத் தெரிகிறது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் நான்கு வரி அப்படியே இருக்கும்.

வெப் பக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியின் விதி இது. எத்தனை இடைவெளி விட்டாலும், எத்தனை தடவை என்டர் தட்டினாலும் பிரவுசருக்கு அது ஒரே ஓர் இடைவெளிதான். வரி உடைய வேண்டும் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் பலர் குறுக்கு வழியில் போகிறார்கள். சேமிக்கும்போதே ஒவ்வொரு வரி முடிவிலும் வரி உடைக்கும் ‘பிஆர்’ டேக்கைச் சேர்த்து டேட்டாபேஸில் போட்டுவிடுகிறார்கள். வெப் பக்கத்தில் அழகாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து அதே முகவரியைக் கூரியர் லேபிளில் அச்சடித்தால் நடுவில் ‘பிஆர்’, ‘பிஆர்’ என்று வரும். லேபிள் அச்சடிக்கும் மென்பொருளுக்கு ஹெச்டிஎம்எல் தெரியாது.

சரியான வழி, சேமித்ததைத் தொடாமல், காட்டும் இடத்தில் ‘ஒயிட்-ஸ்பேஸ்: ப்ரீ-லைன்’ என்று ஒரு வரி ஸ்டைல் எழுதுவது. என்டர் தட்டிய இடத்தில் பிரவுசரே வரியை உடைத்துக்கொள்ளும்.

எழுத்தா, கட்டளையா?

இதுவரை பார்த்தது பெயர் கெட்டுப்போகும் பிழைகள். இனி வருவது கணக்கே பறிபோகும் பிழை.

ஹெச்டிஎம்எல்லில் கோண அடைப்புக்குறிக்குள் வருவது எழுத்தல்ல, பிரவுசருக்கான கட்டளை. பெயர் எழுதும் கட்டத்தில் ஒருவர் பெயருக்குப் பதில் ஒரு கட்டளையை எழுதி, தளம் அதை அப்படியே பக்கத்தில் காட்டினால், பார்க்கும் ஒவ்வொருவரின் பிரவுசரும் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியும். அவர்கள் லாகின் செய்திருந்தால், அவர்கள் பெயரிலேயே காரியம் நடக்கும்.

2005 அக்டோபரில் அமெரிக்காவின் மைஸ்பேஸ் சமூக வலைதளத்தில் இது நடந்தது. சாமி காம்கர் என்ற இளைஞர் தன் புரொஃபைல் பக்கத்தில் ஒரு சிறு புரோகிராமை ஒளித்துவைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் தானாகவே அவருக்கு நட்புக் கோரிக்கை அனுப்பினார்கள். அவர்களின் பக்கத்திலும் அதே புரோகிராம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் பரவியது. 2007-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

மைஸ்பேஸ் சும்மா இருக்கவில்லை. ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல் வந்தாலே நீக்கிவிடும் வடிகட்டி வைத்திருந்தது. சாமி அந்தச் சொல்லின் நடுவில் ஒரு என்டர் தட்டினார். வடிகட்டிக்கு அது இரண்டு சொல். சில பிரவுசர்களுக்கோ அது ஒரே சொல். கதவு திறந்துவிட்டது.

கெட்ட சொற்களைத் தேடித் தேடி நீக்குவது பத்தாது என்பதுதான் இதில் கிடைத்த பாடம். காட்டும்போது எல்லா அடைப்புக்குறிகளையும் ‘இது கட்டளை அல்ல, வெறும் எழுத்து’ என்று பிரவுசருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இதற்குப் பெயர் ‘எஸ்கேப்பிங்’. இன்றைய ரியாக்ட், ஜாங்கோ, லாராவெலின் பிளேடு ஆகியவை இதைத் தாமாகவே செய்கின்றன. ரியாக்டில் இதை மீறிப் போக வேண்டும் என்றால், ‘டேஞ்சரஸ்லி’ என்று தொடங்கும் ஒரு கட்டளையைப் புரோகிராமர் தன் கையால் டைப் செய்ய வேண்டும். எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது.

எஸ்கேப்பிங்கை எப்போது செய்கிறோம் என்பதும் முக்கியம். ‘முருகன் & கோ’ என்ற கடைப் பெயரைச் சேமிக்கும்போதே ஒரு தடவை மாற்றி, காட்டும்போது இன்னொரு தடவை மாற்றினால், பக்கத்தில் ‘முருகன் &ஏஎம்பி; கோ’ என்று ஆங்கில எழுத்துகளோடு தெரியும். எஸ்எம்எஸ், பில், பிடிஎஃப் எல்லாவற்றிலும் அந்த வால் ஒட்டிக்கொண்டே போகும். சேமிக்கும்போது கவனிக்க வேண்டிய பாதுகாப்பு வேறு: டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளையையும் பயனர் கொடுத்த எழுத்தையும் கலக்காமல் தனித்தனியாக அனுப்புவது.

பிறந்த நாள் ஒரு நாள் முன்னால்

ஜூன் 5 பிறந்த ஒருவரின் சுயவிவரத்தில் ஜூன் 4 என்று வருகிறது. யாரும் தப்பாக டைப் செய்யவில்லை. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ‘ஜூன் 5, நள்ளிரவு 12 மணி’ என்று இந்திய நேரத்தில் எடுத்துக்கொண்டு, அதைப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்தால் ‘ஜூன் 4, மாலை 6.30’ ஆகிறது. காட்டும்போது திரும்ப மாற்றாமல் தேதியை மட்டும் எடுத்தால், ஒரு நாள் காணாமல் போய்விடும்.

பணம் அனுப்பிய நேரம், டிக்கெட் பதிவான நேரம் போன்றவற்றைப் பொது நேரத்தில் சேமித்து, பார்ப்பவரின் ஊர் நேரத்தில் காட்டுவது சரி. பிறந்த தேதிக்கு மணியும் கிடையாது, ஊர் நேரமும் கிடையாது. அதை வெறும் தேதியாக மட்டுமே வைக்க வேண்டும்.

எண்ணும் இப்படித்தான். 1234567 என்று சேமித்தால் போதும். இந்தியாவில் பார்ப்பவருக்கு 12,34,567 என்றும், சிங்கப்பூரில் பார்ப்பவருக்கு 1,234,567 என்றும் காட்டுவது பிரவுசரின் வேலை. கமாவோடு சேமித்த தொகையைக் கூட்டிப் பார்க்க முயன்ற அக்கவுன்ட்ஸ்காரர்களுக்கு இதன் வலி தெரியும்.

என்ன செய்யலாம்?

மேலே உள்ள பிழைகளில் பலவற்றை ஒரே விதி தடுத்துவிடும்: சேமிக்கும் இடத்தில் எழுத்து முழுசாக, அலங்காரம் இல்லாமல் இருக்க வேண்டும், அலங்காரமெல்லாம் காட்டும் இடத்தில்.

விண்ணப்பிப்பவர்களுக்கு:

* ‘சப்மிட்’ கொடுத்த உடனே ரசீதைத் திறந்து பெயரின் கடைசி எழுத்து வரை பாருங்கள். முதல் எழுத்தை வைத்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள்.
* பெட்டிகள் தெரிந்தால் வேறு போனில் திறந்து பாருங்கள். கேள்விக்குறி தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உடனே திருத்தம் கேளுங்கள். தள்ளிப்போட்டால் அந்தப் பதிவே அடுத்த ஆவணங்களுக்கும் நகலாகும்.
* தமிழில் தேடி வரவில்லை என்றால் பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள்.

ஆபீஸில் எக்ஸெல் பார்ப்பவர்களுக்கு:

* தமிழ் உள்ள சிஎஸ்வி ஃபைலை இரட்டை கிளிக்கில் திறந்து கிறுக்கலாகத் தெரிந்தால், ‘சேவ்’ கொடுக்காமல் மூடுங்கள். சேவ் கொடுத்தால் கிறுக்கலே டேட்டா ஆகிவிடும். ‘டேட்டா’ மெனுவில் ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக எடுத்து, 65001 என்ற எண்ணோடு இருக்கும் யூடிஎஃப்-8-ஐத் தேர்வு செய்யுங்கள்.

தளம் உருவாக்குபவர்களுக்கு:

* டேபிள், டேட்டாபேஸ் இணைப்பு, வெப் பக்கம் மூன்றிலும் யூனிகோட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும்.
* பரிசோதிக்கும்போது ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். ‘ராஜராஜேஸ்வரி’, ‘ஸ்ரீதர்’, ‘ஔவை’, கூடவே ஓர் எமோஜி, ஓர் & குறி, நான்கு வரி முகவரி. இந்த ஆறும் உள்ளே போய் அப்படியே வெளியே வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.
* நீளம் மீறினால் வெட்டாதீர்கள். ‘பெயர் நீளமாக இருக்கிறது’ என்று பயனரிடமே சொல்லுங்கள்.

ஒரு கட்டத்தின் அளவைக் கூட்டுவது புரோகிராமருக்குச் சில நிமிட வேலை. பெயரில் விட்டுப்போன ஓர் இகரத்தைத் திரும்பப் பெற, அந்தப் பெயருக்கு உரியவர்தான் அலைய வேண்டும்.